கழுநீர் கொடுத்த வீடு

படித்தவன் தேடி வந்து உதவி செய்கிறேன் என்றால் நான் நம்பமாட்டேன். பின்னாலேயே ஒரு போட்டோக்காரனோ ஓட்டுக் கேட்கிறவனோ வருவான். அதனால் அந்தத் தை மாதம் கல்லூரி வாத்தியார் இளங்கோவன் ஐயம்பேட்டைக்கு வந்து என் வீட்டு வாசலில் நின்றபோது நான் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை.

"பெரியவரே, உங்க மாட்டு வண்டி வேணும். தினமும் மத்தியானம் ஒரு நடை. எங்க விடுதியிலேருந்து பிள்ளையார்பாளையத்துக்குக் கஞ்சி கொண்டுபோகணும்."

"கஞ்சி யாரு வூட்டு அரிசி?"

"பசங்களோடதுதான். வேளைக்கு ஒரு கரண்டி சோறு குறைச்சுக்கிறாங்க."

"எத்தினி நாளைக்கு? பரீச்ச முடிஞ்சா மூட்டைய கட்டிக்கினு ஓடிப்புடுவானுங்க."

அவர் சிரித்தார். அதையும் மனசில் வைத்துக்கொண்டுதான் மறுநாள் வண்டியைப் பூட்டினேன்.

அதற்கு முந்தின வருஷம், எழுபத்து நாலில், மழை ஏமாற்றிவிட்டது. ஏரியில் ஆடு மேய்ந்தது. பட்டு நூல் விலை ஏறிப்போய் முதலாளிகள் நெசவுக்குப் பாவு கொடுப்பதையே நிறுத்திவிட்டார்கள். பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் இல்லாத தெருவில் அப்போதுதான் முதல் தடவையாக வண்டி ஓட்டினேன். காது அடைத்துப்போன மாதிரி இருந்தது.

வண்டி நின்றதும் ஏனத்தைத் தூக்கிக்கொண்டு ஜனம் வரும். ஊற்றுகிற விடுதிப் பையன் பேர் சிட்டிபாபு. குச்சி மாதிரி இருப்பான். அவனுக்கே இரண்டு கரண்டி ஊற்றலாம்.

"ஆயா, ஏனத்த நேரா புடி. கை நடுங்குது பாரு."

"எனக்கா நடுங்குது? உன் கரண்டிதாண்டா நடுங்குது. பாதி திரும்ப அண்டாவுக்கே போவுது."

வரிசை சிரிக்கும். சிரிக்கிறவர்கள் வருவார்கள். வராதவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பார்கள். எங்களுக்குச் சாப்பாடு ஆயிற்று என்று சொல்லி அனுப்புவார்கள். சோறு இல்லை என்பதைவிட, இல்லை என்று எதிர்வீட்டுக்குத் தெரிவதுதான் அவர்களுக்குப் பெரிய பயம்.

வண்டி போகிற தெருவில் மாட்டுக்குக் கழுநீர் வாங்குவது எங்கள் பழக்கம். அரிசி களைந்த தண்ணீரை வீட்டுக்காரம்மாக்கள் ஒரு சட்டியில் எடுத்து வைத்திருப்பார்கள். நாங்கள் வாளியில் ஊற்றிக்கொண்டு சட்டியைத் திருப்பிக் கொடுப்போம். அந்த வருஷம் களைய அரிசி இல்லாததால் யாரும் கொடுக்கவில்லை. ஒரே ஒரு வீட்டில்தான் கொடுத்தார்கள். லோகாம்பாள் வீடு.

அவள் புருஷன் வரதராஜன் மூன்று தறி போட்டு நாலு பேருக்கு வேலை கொடுத்தவர். மகள் தேவகியை எதிர்வீட்டு ஜெயம்மாளின் மகனுக்குப் பேசி, வைகாசியில் முகூர்த்தம் குறித்திருந்தார்கள். லோகாம்பாள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூப்பிடுவாள்.

"வண்டிக்காரரே! கழுநீர் வாங்கிக்கினு போங்க!"

முதல் நாள் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மாடு சாக்கடைத் தண்ணீர்கூடக் குடிக்கும். விரலை விட்டு நக்கினேன். நாக்கில் நறநறவென்று கல். கோலம் போடுகிற மொக்குமாவைத் தண்ணீரில் கரைத்து வைத்திருக்கிறாள்.

என் மாட்டைக் கொல்லப் பார்க்கிறாயா என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். லோகாம்பாள் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். கழுத்து எலும்பு இரண்டும் தனியாகத் தெரிந்தன. எதிர் வாசலில் ஜெயம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

"நல்லா கெட்டியா இருக்குதும்மா," என்றேன்.

வண்டிக்குப் பின்பக்கம் போய்ச் சட்டியைக் கழுவினேன். அண்டாவிலிருந்து கஞ்சியை மொண்டு ஊற்றி, மேலே வைக்கோலைப் போட்டு மூடிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "இந்தாம்மா, உன் காலிச் சட்டி." அவள் வாங்கும்போது கை கீழே இறங்கிற்று. கனம். உள்ளே போனாள்.

தினமும் அப்படித்தான். சிட்டிபாபு கண்டுபிடித்துவிட்டான்.

"இன்னா தாத்தா, மறைச்சு மறைச்சு மொள்றே?"

"மாட்டுக்குடா."

"மாடு சட்டிய எதிர்வூட்டுக்குத் தெரியாம உள்ளாற எடுத்துக்கினு போயி துன்னுதா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அடுத்த நாள் அவனே அடியில் இருக்கிற கெட்டியைக் கிளறி எடுத்து சட்டியில் போட்டான். யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. படிக்கிறவன் ஒருத்தனைப் பாதி நம்பியது அப்போதுதான்.

சித்திரை பிறந்தது. இளங்கோவன் வந்து, வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பரீட்சை முடிஞ்சுது பெரியவரே. விடுதியை மூடறாங்க. பசங்க ஊருக்குப் போயிட்டா அரிசி ஏது? ஆனியில திரும்ப ஆரம்பிப்போம்."

"நான் அன்னிக்கே சொன்னேனே சார்."

நான் சாயப்பட்டறைக்கு வண்டியில் விறகு அடிக்கப் போய்விட்டேன். வழி அந்தத் தெரு வழியாகத்தான். லோகாம்பாள் கூப்பிடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் ஜெயம்மாளுக்குத் தெரிந்துவிடுமே. என் வீட்டுக் கேழ்வரகுக் கூழைக் கொஞ்ச நாள் ஊற்றினேன். என் வீட்டிலும் ஏழு வாய். மருமகள் பானையை ஒளித்து வைத்தாள். பிறகு ஒரு நாள் வண்டியில் மாட்டுக்கு வைத்திருந்த கடலைப் புண்ணாக்கைத் தவிர ஒன்றும் இல்லை. காலிச் சட்டியைக் கொடுக்க மனசு வரவில்லை. ஒரு கட்டியைப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வந்த சட்டியில் புண்ணாக்குத் தூள்கூட ஒட்டியிருக்கவில்லை. அன்றிலிருந்து மாட்டுக்குப் பாதி, அந்த வீட்டுக்குப் பாதி.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது வரதராஜன் செத்துப்போனார். மாரடைப்பு என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். சுடுகாட்டுக்கு விறகு நான்தான் அடித்தேன். பாடையைத் தூக்கியவர்கள் சுமையே இல்லை என்றார்கள். தன் பங்கை மகளுக்குத் தள்ளிவிட்டே ஆள் கரைந்திருக்கிறார்.

சாவு வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. உறவுக்காரர்கள்தான் சோறு கொண்டுவருவார்கள். அன்றைக்கு யார் கொடுத்தாலும் வாங்கிச் சாப்பிடலாம். அதில் அவமானம் இல்லை. ஜெயம்மாள் சம்பந்தி முறைக்கு ஒரு அன்னக்கூடை நிறையச் சோறும் குழம்பும் கொண்டுவந்தாள். எனக்குக் கொல்லையில் இலை போட்டார்கள். கதவு திறந்திருந்ததால் கூடத்தில் நடப்பது தெரிந்தது.

தேவகி இலையில் சோறு விழுந்ததும் குழம்பு ஊற்றும்வரை அவள் காத்திருக்கவில்லை. வெறும் சோற்றை அள்ளி வாயில் போட்டாள். மென்றாளோ விழுங்கினாளோ தெரியாது. அழுத கண்ணீர் கன்னத்தில் காயவில்லை. கை நிற்கவில்லை. இரண்டாம் தரம் போட்டார்கள். அதுவும் போயிற்று. அழுதுகொண்டிருந்த பொம்பளைகள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"பெத்த அப்பனைக் கொளுத்தின நெருப்புகூட அணையல," என்றாள் ஜெயம்மாள், பக்கத்தில் இருந்தவளிடம். "எப்பிடி எறங்குது பாரேன். இதுவா எம் புள்ளைக்குக் கஷ்டம்னா அழுவப்போவுது?"

தேவகியின் கை அப்படியே நின்றுவிட்டது. வாயில் இருந்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் குனிந்துகொண்டாள்.

சுவரோரம் கிடந்த லோகாம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். அவள் சத்தம் போடவில்லை.

"அவ சோத்தப் பாத்து மாசம் ஆவுதுடி ஜெயம்மா. புண்ணாக்கு துன்னுக்கினு இருந்தோம். அவங்கப்பா அதையும் துன்னல. இப்பச் சொல்லிட்டேன். போதுமா? அந்தப் பொண்ணைத் துன்ன வுடு."

ஜெயம்மாள் அன்னக்கூடையை அங்கேயே விட்டுவிட்டு வெளியே போனாள். துக்கத்தைச் சொல்லி ஜெயம்மாள் வீட்டில் முகூர்த்தத்தை நிறுத்தினார்கள். ஒரு வருஷம் பொறுங்கள் என்று கேட்கப் போன வரதராஜனின் பங்காளியை வாசலிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பினார்கள். பையனுக்கு ஆவணியில் வாலாஜாபாத் பக்கம் முடித்துவிட்டார்கள்.

அதற்கு முன்பே, ஆனியில், இளங்கோவன் மறுபடி வண்டி கேட்டு வந்தார். நான் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

"காலேஜுக்கு லீவு வுட்டா பசிக்கும் லீவா சார்? செய்யறதுன்னா வருசம் முச்சூடும் செய்யி. இல்லைன்னா அவங்களைப் பழக்காத."

இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "அடுத்த கோடையில மூட விடமாட்டேன். சிட்டிபாபு ஊருக்குப் போகாம இருக்கேன்னு சொல்றான்," என்றார். பார்க்கலாம் என்றேன். வாத்தியாருக்கு மேலே மூடச் சொல்ல ஒரு வாத்தியார் இருப்பான்.

மறுநாள் மத்தியானம் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சிட்டிபாபு அண்டாவைத் திறப்பதற்கு முன்பே ஒரு பெண் வந்து நின்றாள். தேவகி. பட்டப்பகலில், நடுத்தெருவில், கையில் பித்தளைத் தவலை. எதிர்வீட்டுப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. சிட்டிபாபு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"ஊத்துடா," என்றேன்.

அவள் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, அதுவரைக்கும் வண்டிப் பக்கமே வராத வீடுகளில் ஒன்றின் கதவு திறந்தது. அதற்குப் பிறகு இன்னொன்று. அண்டா பாதித் தெருவிலேயே காலியாகிவிட்டது.