அம்மா சொன்னது

அது வேறு யார் காதிலும் விழுந்திருக்கக் கூடாது. அப்பாவின் மார்பில் சரிந்த ரஜனிகந்தா மாலையை இழுத்துவிட்டாள் மாதங்கி. காலையில் மூச்சு நின்றதும் அம்மா குனிந்து அவர் காதில் என்னவோ சொன்னாள். ஒரே வாக்கியம். பக்கத்தில் நின்றிருந்த இவளுக்கும் கேட்டுவிட்டது.

காளிகாட் சந்து முனையில் வண்டி வந்துவிட்டது. முதலில் தியேட்டர். நாடகம் தொடங்கும்போது அடிப்பதுபோல மூன்று மணி அடித்து அவரை மேடையில் கிடத்துவார்கள். அதன்பிறகுதான் மயானம். வங்காளத்தில் நாடகம் எழுதிப் பெயர் வாங்கிய சேஷாத்ரிக்கு அந்த மரியாதை உண்டு.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று மாதங்கிக்குத் தெரியும்.

அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. அப்பாவுக்கு எழுத வரவில்லை. ஆறு மாதமாகக் குடித்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் இருந்தார். அவரைச் சிரிக்கவைக்கத்தான், அம்மா சமையலறையில் தனக்குத்தானே முணுமுணுத்ததைப் போய்ச் சொன்னாள்.

"'தெனம் ரெண்டு தட்டு வெக்கறேன், ஒண்ணு அலம்பாமலே உள்ள போறது'ங்கறா அம்மா."

அப்பா சிரிக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"வேற என்ன சொன்னா?"

பிறகு தினமும் கேட்டார். இவளும் கதவோரம் நின்று கேட்டு வந்து சொன்னாள். தன்னோடு மட்டும் பேசுகிறார் என்று பெருமையாக இருந்தது.

அரங்கேற்றத்தன்று அந்தத் தட்டு வசனத்துக்கு அத்தனை பேரும் சிரித்தார்கள். முன்வரிசையில் அம்மாவும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. வீட்டுக்கு வந்தபின் அவள் முணுமுணுப்பது நின்றுபோயிற்று. யார் போய்ச் சொன்னது என்று இந்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

அப்பாவின் குழுவில் முதல் நாளிலிருந்து நடித்த, இவளுக்குச் சித்தப்பா மாதிரியான ராகுல் காக்கு அருகில் வந்து உட்கார்ந்தார். வங்காள மொழியில், தணிந்த குரலில் பேசினார்.

"மேடையில நாந்தான் பேசணும், மாதங்கி. கடைசியா பௌதி, உங்கம்மா, அவர் காதுல ஏதோ சொன்னாங்களாமே. நர்ஸ் பாத்திருக்கா, அவளுக்குத் தமிழ் புரியல. உனக்குக் கேட்டிருக்குமே?"

மாதங்கி மறுபடியும் மாலையை நேராக்கினாள்.

"ஒரு வரிதானே. அதோட முடிச்சா அவருக்கே பிடிச்சிருக்கும்."

பிடித்திருக்கும். பேனாவை எடுத்திருப்பார்.

எதிரே, அப்பாவின் வேட்டி ஓரத்தை நீவிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. நிமிரவில்லை.

"கேட்டுது காக்கு," என்றாள் மாதங்கி. "சொல்ல மாட்டேன்."