அம்மாவின் விரலுக்குத் திறக்காத கதவு

ஸ்டெஃபி அம்மாவின் கட்டைவிரலை முந்தானையில் துடைத்து மறுபடியும் பூட்டின் மேல் அழுத்தினாள். சிவப்பு விளக்குதான் எரிந்தது. அப்பாவை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பியவர்கள் அடுக்குமாடியின் படிக்கட்டு வரை நின்றார்கள். வீட்டைக் கழுவிவிட்ட பக்கத்து வீட்டுப் பெண்கள், பனி உள்ளே வருகிறதென்று நல்ல மனசோடு கதவைச் சாத்திவிட்டிருந்தார்கள். சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு அது.

"ஏம்மா, உன்ற ரேகை விழ மாட்டீங்குது?"

"எப்பவுமே விழாது கண்ணு. உங்கப்பாதான் முன்னால போய்த் தொறப்பாரு."

அப்பா ஸ்தனிஸ்லாஸ், காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். பேனா பிடித்த விரல். அம்மா மரியபுஷ்பம் அதே எஸ்டேட்டில் காபிப்பழம் பறித்தவள். அவள் ரேகை செடியிலேயே தேய்ந்துவிட்டது. இந்த வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து இருவரும் கடைக்குக்கூடச் சேர்ந்தே போய், சேர்ந்தே திரும்புவார்கள். இந்த வயசில் என்ன ஒட்டுதல் என்று ஏற்காடே கேலி செய்தது. பாதி ஒட்டுதல், பாதி பூட்டு.

வீட்டுக்காரர் பிரபாகர் சேலத்திலிருந்தே போனில் பூட்டைத் திறந்துவிட்டார். எல்லோரும் உள்ளே போனார்கள். மலைக்குக் கீழே இருப்பவர் திறக்கிற கதவை, குடியிருப்பவளால் திறக்க முடியவில்லை. ஸ்டெஃபிக்கு அழுகைக்கு முன்னால் கோபம் வந்தது.

"நீ எங்கூட ஓசூருக்கு வந்துரும்மா. ஒத்தையில வெளிய மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவ?"

மரியபுஷ்பம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயில் தெரிந்தது, அதன் பின்னால் கல்லறைத் தோட்டமும் தெரிந்தது. அவளுக்கு இந்த ஊரை விட்டுப் போக மனசில்லை.

"விரல் இல்லாம வேற வழி இருக்குதான்னு வீட்டுக்காரரைக் கேளு."

இருந்தது. ஆறு எண்களை அழுத்தினாலும் திறக்குமாம்.

"அம்மாவையே ஒருக்கா அழுத்தச் சொல்லுங்க, அதுவே பதிஞ்சுக்கும். மறக்காத நம்பரா வெச்சுக்கச் சொல்லுங்க" என்றார் பிரபாகர்.

ஸ்டெஃபிக்கு நம்பிக்கை இல்லை. அம்மாவுக்குத் தன் போன் எண்ணே தெரியாது.

"உன் பொறந்த நாளப் போடலாமா?"

"அது யாருக்குத் தெரியும்?"

மரியபுஷ்பம் எழுந்து கதவருகே போனாள். மூன்று எண்களை அழுத்தினாள். மூச்சு விட்டு, இன்னும் மூன்று. பச்சை விளக்கு எரிந்தது.

"என்ன நம்பரும்மா?"

"ஊருக்கே கேக்கறாப்புல சொல்லுவாங்களா?"

இரண்டு பேர் சிரித்துவிட்டு, சாவு வீடு என்று நினைவு வந்து அடக்கிக்கொண்டார்கள். அவள் மகளின் காதருகே குனிந்தாள்.

"கோயில் பாட்டுப் பொஸ்தகத்துல, எங்க கல்யாணத்துக்குப் பாடுன பாட்டோட நம்பர் ஒண்ணு. இன்னைக்குப் பாடுனது ஒண்ணு."

கோயில் பாடகர் குழுவில் காலமெல்லாம் நின்றவள். பாட்டைச் சொன்னால் எண்ணைச் சொல்லுவாள். ஸ்டெஃபிக்குக் குழியருகே வராத அழுகை இப்போது வந்தது. அம்மாவின் தோளில் சாய்ந்து சத்தமாகவே அழுதாள்.

சாயங்காலம் உறவுக்காரர்கள் கிளம்பிப் போன பிறகு மரியபுஷ்பம் செருப்பை மாட்டினாள்.

"சித்த வெளிய நின்னுட்டு வாரேன்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். பூட்டு விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் வெளியே எண் அழுத்தும் சத்தம் கேட்டது. மூன்று முறை. அப்புறம் ஒன்றுமில்லை. ஸ்டெஃபி ஓடிப்போய் உள்பக்கக் கைப்பிடியைப் பிடித்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா மெதுவாக, இன்றைக்குப் பாடிய பாட்டின் முதல் அடியை முணுமுணுப்பது கேட்டது.

ஸ்டெஃபி கைப்பிடியிலிருந்து கையை எடுத்தாள். நான்காவது சத்தம் கேட்டது.