நீலம் பட்ட கரை

மருந்துக் கொட்டகையின் கீழ்த்தட்டில் வெள்ளைக் கேன் இல்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் மயூரா தன் கையால் வைத்த இடத்தில், தூசிக்கு நடுவே சதுரமாக ஒரு சுத்தமான தடம் மட்டும் இருந்தது. கையுறை மாட்டிக்கொண்டிருந்தவள் ஒரு கையோடு நிறுத்திவிட்டு அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கிரான்பர்ன் என்ற ஊருக்குக் கிழக்கே, புதுக் குடியிருப்புகள் முடிந்து மாட்டுப் பண்ணைகள் தொடங்குகிற இடத்தில் ஓடும் சிற்றாற்றின் கரையில் அவளுக்கு வேலை. எப்போதோ யாரோ கொண்டுவந்து நட்டு, பிறகு ஆற்றையே நெரித்துவிட்ட வில்லோ மரங்களை எடுத்துவிட்டு, இந்த மண்ணுக்குரிய மரங்களையும் கோரைகளையும் திரும்ப நடுகிறார்கள். எல்லாம் ஒரு மீனுக்காக. நிழல் விழுந்தால் தண்ணீர் குளிரும். கிளையிலிருந்து பூச்சி விழும். வேர் பிடித்தால் மண் சரிந்து முட்டையை மூடாது.

அந்த மீனுக்குக் கிரேலிங் என்று பெயர். சால்மனைப் போலவே ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் வாழ்கிற மீன். குஞ்சாகக் கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, வசந்தத்தில் விரல் நீளத்தில் ஆறேறி வரும். மேற்பார்வையாளன் வாசுதேவன் போன வருட மீன் கணக்கெடுப்பில் ஒன்றைப் பிடித்து, ஈரக் கையோடு அவள் மூக்கருகே நீட்டினான். "மோந்து பாருங்க." வெட்டி வைத்த வெள்ளரிக்காயின் வாசம். மயூரா சிரித்துவிட்டாள். "மூணு வருஷம்தான் இதுக்கு ஆயுசு," என்றான் அவன். "ஒரு வருஷத்துக் குஞ்சு போச்சுன்னா, அவ்வளவுதான்."

இப்போது ஒக்டோபர், இந்த நாட்டில் வசந்தம். குஞ்சுகள் ஏறி வரும் மாதம்.

கொட்டகையில் களைக்கொல்லி இரண்டு வகை. ஆற்றோரத்துக்கு ஒன்று, ரோட்டோரத்துக்கு ஒன்று. ரோட்டோரத்து மருந்தில் இலையில் ஒட்டிக்கொள்வதற்காக ஒரு சோப்புச் சரக்கு சேர்த்திருப்பார்கள். அது தண்ணீரில் இறங்கினால் மீனின் செவுளைப் புண்ணாக்கிவிடும். வெள்ளிக்கிழமை அந்த ரோட்டோரத்து டிரம்மின் அடியில் வெடிப்பு விட்டு ஒழுகியது. வீணாக்க மனம் வராமல், கழுவிக் கவிழ்த்திருந்த வெள்ளைக் கேனில் மயூரா மிச்சத்தை ஊற்றிவைத்தாள். கேனில் ஒட்டியிருந்தது ஆற்றோரத்து மருந்தின் பெயர். அதனால் என்ன? அவள் வீட்டில் எந்தப் பாத்திரத்தில் எழுதியிருப்பது உள்ளே இருக்கிறது? மால்ட் டப்பாவில் மிளகாய்த்தூள், பிஸ்கட் டப்பாவில் ஊசி நூல். ஒருமுறை வேலையிடத்தில் வாசுதேவன் ஆசையாக அவளுடைய ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து கருவாட்டுக் குழம்பைப் பார்த்த முகத்தைச் சொல்லிச் சொல்லி அவர்கள் ஒரு மாதம் சிரித்தார்கள்.

பேனாவால் பெயரை அடித்துவிட்டு எழுதவேண்டும் என்று நினைத்தாள். பேனாவைத் தேடும்போது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. பல்வலி, உடனே வரவும். ஓடிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மிஞ்சிய சொதியை ஐஸ்கிரீம் டப்பாவில் ஊற்றும்போதுதான், கேனில் பெயரை மாற்றாமல் வந்தது நினைவுக்கு வந்து கை நின்றது. அப்போதே வாசுதேவனை அழைத்திருக்கலாம். ஃபோனை எடுத்தாள், வைத்தாள். திங்கள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் எழுதிவிட்டால் யாருக்கும் ஒன்றும் தெரியவேண்டாம். ஆனால் திங்கள் காலை பல் வைத்தியர் எட்டரைக்குத்தான் நேரம் கொடுத்திருந்தார். அவள் வந்து சேர்ந்தபோது மணி பத்து.

"பொண்ணுக்கு எப்படி இருக்கு?" வாசுதேவன் பின்னால் வந்து நின்றான்.

"புடுங்கியாச்சு."

"நல்லது. மயூரா, அந்த ரோடு டிரம் காலியாக் கெடக்குது, அடியில ஓட்டை. யாராச்சும் வேற எதுலயாச்சும் மாத்தி வெச்சீங்களா? மண்ணுல எறங்கியிருந்தா நான் ரிப்போர்ட் எழுதணும்."

"எனக்குத் தெரியேல்ல."

அவள் யோசித்துச் சொன்ன பதில் இல்லை அது. கண்ணருகே கை வந்தால் இமை மூடுவதைப் போல வந்தது. பத்து வருடங்களுக்கு முன், ஒரு சின்ன அறையில், குடிவரவு அதிகாரி ஒருவர் அவளிடம் ஊரைவிட்டு வந்த தேதிகள் கேட்டார். முதல் நேர்காணலில் மாசி என்றாள். இரண்டாவதில் பங்குனி என்றாள். கேட்காத ஒன்றையும், நன்றாக விளங்கட்டும் என்று, சேர்த்துச் சொன்னாள். அவர் குனிந்து எழுதினார். முரண்பாடு. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவள் வாழ்க்கை ஆறு ஆறு மாதமாகப் புதுப்பிக்கப்படுகிற விசாவாகிவிட்டது. அன்றிலிருந்து, கேட்டால் குறைவாகச் சொல், கேட்காவிட்டால் சொல்லாதே என்பதை அவள் உடம்பு படித்துவைத்திருந்தது.

"யோகா அன்ரி எங்க?" என்று கேட்டாள். கரையில் அவளோடு மருந்தடிப்பவர் யோகா.

"ஏழரைக்கே மருந்தோட போயிட்டாங்க. ரெண்டு மணிக்கு மேலதான் மழையாம். அதுக்குள்ள காஞ்சிரும்." அவன் டிரம்மைக் காலால் உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

தண்ணீருக்கு இறங்கும் பாதையில் அவள் விரைந்து நடந்தாள். இரண்டு பக்கமும் அவர்கள் நான்கு வருடங்களாக நட்டவை. தேயிலை மரம் என்று இங்கே சொல்லும் சின்ன இலை மரங்கள் அவள் தோளுக்கு மேல் வளர்ந்து தண்ணீரின் மேல் சாய்ந்திருந்தன. அவற்றைப் பார்க்க அவளுக்குக் கூச்சமாக இருந்தது. யோகா இன்னும் தொடங்கியிருக்கமாட்டார், முதுகு வலி என்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார் என்று மனம் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கதை சொன்னது.

கடைசி வளைவில் கரை நீலமாக இருந்தது.

எங்கே அடித்தோம் என்று தெரிவதற்காக மருந்தில் நீலச் சாயம் கலப்பார்கள். தரையோடு படர்ந்து எல்லாச் செடியையும் மூச்சடைக்கிற களைக்கொடியின் மேல், இருபது முப்பது அடி நீளத்துக்கு, தண்ணீரிலிருந்து ஒரு முழத்தில், பளிச்சென்று நீலம். சில இலைகளின் நுனியில் அது துளியாகத் தொங்கியது.

யோகா மருந்துத் தொட்டியை முதுகிலிருந்து இறக்கி வைத்துவிட்டு மரக்கட்டையில் உட்கார்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மானிப்பாயிலிருந்து வந்தவர். வாயும் கையும் ஒன்றாக வேலை செய்கிற மனுஷி.

"என்ன பிள்ளை, பல்லு புடுங்கினது உனக்கோ மகளுக்கோ? மூஞ்சையப் பார்."

"முழுக்க அடிச்சிட்டியளோ, அன்ரி?"

"ஓம். நீ வந்து அடிப்பாயெண்டு இருந்தா, களை குசினி அடுப்பு வரைக்கும் வந்திடும்." யோகா சிரித்தார். "இண்டைக்கு மருந்து நல்லா ஒட்டுது. பார், வழுக்கி விழுகுதே இல்ல. புதுச் சரக்குப் போல."

மயூரா குனிந்து இலையைப் பார்த்தாள். சோப்பு. ஒட்டத்தான் செய்யும்.

தெற்கே, பண்ணைக் கூரைகளுக்கு மேல் மேகம் கறுத்திருந்தது. இரண்டு மணிக்கு இன்னும் மூன்றரை மணி நேரம். அவள் கணக்குப் போட்டாள். மழை தள்ளிப் போனால் காய்ந்துவிடும். லேசாகத் தூறினால் மண்ணே குடித்துவிடும். வியாழக்கிழமை கணக்கெடுப்பில் மீன் கிடைக்காவிட்டாலும் காரணம் யாருக்குத் தெரியும்? தண்ணீர் சூடாகியிருக்கலாம். மேலே பண்ணையிலிருந்து எதுவோ வந்திருக்கலாம். இவ்வளவு சுலபமாக, இவ்வளவு வேகமாகத் தன் மனம் பொய்களைச் செய்து அடுக்குவதைப் பார்த்து அவள் பயந்தாள். அந்த அதிகாரி அன்றைக்குத் தேடியது இந்தப் பொய்க்காரியைத்தானோ? அன்றைக்கு அவள் உண்மை சொன்னாள், நம்பவில்லை. இன்றைக்கு வாய் திறக்குமுன் பொய் வந்தது, வாசுதேவன் மறு பேச்சில்லாமல் நம்பிவிட்டான்.

காற்று திரும்பியது. இலை நுனியில் தொங்கிய ஒரு நீலத் துளி விழுந்தது. மண்ணில்தான். ஆனால் தண்ணீர் அங்கிருந்து ஒரு முழம்தான்.

யோகா சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து முழங்காலில் வைத்தார். ஒவ்வொரு முறை மருந்தடித்த பிறகும் நிரப்பவேண்டிய தாள். கேனைத் திருப்பி, அதில் ஒட்டியிருந்த பெயரைப் பார்த்துப் பார்த்து, ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக எழுதினார். தொடங்கிய நேரம். முடித்த நேரம். அடித்தவர் பெயர்.

"எனக்கு இந்தக் கையெழுத்து மட்டும் நல்லா வருது," என்றபடி கீழே வளைத்துக் கையெழுத்துப் போட்டார்.

அந்தத் தாளை மயூரா பார்த்தாள். தாள் என்ன செய்யும் என்பது அவளுக்குத் தெரியும். மீன் செத்து மிதந்தால் முதலில் இதைத்தான் எடுப்பார்கள். யோகாவை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்துக் கேட்பார்கள். யோகா கேனில் இருந்ததைத்தான் எழுதினேன் என்பார். கேட்காததையும் சேர்த்துச் சொல்வார், விளங்கட்டும் என்று. யாரோ குனிந்து எழுதுவார்கள்.

"அன்ரி." யோகா தாளை மடித்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னாள். "அன்ரி, அந்தக் கேனுக்க இருந்தது ரோட்டு மருந்து. நான்தான் மாத்தி ஊத்தினனான்."

யோகா கேனைப் பார்த்தார். கரையைப் பார்த்தார். வழக்கமான சிரிப்புப் பகிடி ஒன்று வாய் வரை வந்து திரும்பிப் போனது தெரிந்தது.

"எடியேய்," என்றார் மெதுவாக. "வாசுதேவன் தம்பிக்குச் சொன்னனியோ?"

"இல்ல. கேட்டவர். தெரியாதெண்டு சொல்லிப்போட்டன்."

"ஃபோனை எடு."

அவள் எண்ணைத் தட்டினாள். வாசுதேவன் எடுத்ததும் ஒரே மூச்சில் சொன்னாள். மறுமுனையில் ஓடுகிற காலடிச் சத்தம் மட்டும் கேட்டது.

அவன் வந்தபோது முகம் வெளுத்திருந்தது. இரண்டு கைகளிலும் பெரிய கறுப்புக் குப்பைப் பைகள்.

"எப்போ தெரியும் உங்களுக்கு?"

"நேற்று."

அவன் அவளைப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. ஆனால் அவன் அதைச் சீக்கிரமே எடுத்துவிட்டான். "திட்டறதுக்கு அப்புறமா நேரம் இருக்கு. மழை ரெண்டு மணிக்கெல்லாம் இல்ல, இப்பதான் பார்த்தேன், பதினொண்ணே காலுக்கே வருது. ஆத்துக்கு மேல்பக்கம் வேலை செய்யற குழுவைக் கூப்பிட்டிருக்கேன், அவங்க வர ஒரு மணி நேரம் ஆகும். நீலமா இருக்கறது ஒண்ணு விடாம வேரோட புடுங்கிப் பையில போடுங்க. தண்ணிப் பக்கம் முதல்ல."

மூவரும் மண்டியிட்டார்கள். கொடி சுலபமாக வந்தது. ஆனால் முறிந்த இடத்திலெல்லாம் ஒரு துண்டு மிஞ்சியது. மயூரா தண்ணீருக்குள் முழங்கால் வரை இறங்கி, கரையைப் பார்த்தபடி பிடுங்கினாள். குளிர் எலும்பில் ஏறியது. கோரையின் அடியில் மெல்லிய நிழல்கள் அசைந்தன. மீன் குஞ்சோ, தன் பயமோ, தெரியவில்லை. ஓடிப் போங்கள் என்று சொல்ல வாய் வந்தது. எங்கே ஓடும்? கடலிலிருந்து அவ்வளவு தூரம் ஏறி, இங்கே இடம் இருக்கிறது என்று நம்பித்தானே வந்திருக்கும்.

பைகள் ஐந்து நிறைந்தன. ஆறாவது பாதி ஆகும்போது முதல் துளி அவள் கழுத்தில் விழுந்தது.

"விடாதீங்க!" என்று வாசுதேவன் கத்தினான்.

அவர்கள் விடவில்லை. மழை கோரையில் பட்டுச் சத்தமாக வந்தது. கடைசி இரண்டடியில் நீலம் இலையை விட்டு இறங்கி, மண்ணில் நூல் நூலாக ஓடத் தொடங்கியது. வாசுதேவன் தன் மழைக்கோட்டைக் கழற்றி அதன் மேல் போட்டு அமுக்கினான். மயூரா இரண்டு கைகளாலும் சேற்றை அணை போலக் குவித்தாள். அதைத் தாண்டி ஒரே ஒரு நூல் தண்ணீரில் இறங்கி, விரிந்து, வெளிறி, இல்லாமல் போனது.

அது போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை வரை தெரியாது.

மேல் குழுவின் வண்டிச் சத்தம் கேட்டபோது மூவரும் மரத்தடியில் நனைந்து நின்றார்கள். யோகா தன் தாளைக் கிழிக்கவில்லை. மருந்தின் பெயரை மட்டும் கோடு போட்டு அடித்து, தாளை வாசுதேவனிடம் நீட்டினார். அவன் புதிய தாள் ஒன்றை எடுத்து, குனிந்து, பேனாவைத் திறந்தான்.

"சொல்லுங்க, மயூரா. மாத்தி ஊத்துனது எப்போ?"

"வெள்ளிக்கிழமை. மூண்டே முக்கால்."

அவன் எழுதினான். நிறுத்தினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"எப்போன்னு சொன்னீங்க?"

அவளுக்குள் எல்லாம் உறைந்தது. இரண்டாவது முறை கேட்கிறார்கள். இரண்டாவது முறை கேட்டால், முதல் முறை சொன்னது தவறு. மூன்றே முக்காலா, மூன்றரையா? பள்ளிக்கூடத்து அழைப்புக்கு முன்னா, பின்னா? கைகள் இரண்டும் முழங்கை வரை நீலமாக இருப்பதை அப்போதுதான் கவனித்தாள். அவற்றைப் பின்னால் கட்டிக்கொள்ளத் தோன்றியது. கட்டிக்கொள்ளவில்லை.

"வெள்ளிக்கிழமை," என்றாள் மறுபடி. "மூண்டே முக்கால்."

வாசுதேவன் பேனாவை உதறினான். ஈரத்தாளில் அது எழுதாமல் வெறும் கீறலாகப் போயிருந்தது. யோகா தன் சட்டைப் பையிலிருந்து வேறொரு பேனாவை எடுத்துக் கொடுத்தார். அவன் கீறலின் மேலேயே, அவள் முதலில் சொன்னதைத் திரும்ப எழுதினான்.

மழை பலத்தது. மயூரா ஆற்றைப் பார்த்தபடி அடுத்த கேள்விக்காகக் காத்து நின்றாள்.