வழியில் ஓர் ஆஸ்பத்திரி

நெருப்புச் சட்டியின் கயிற்றைச் சூரிபாபு பிடித்ததும் சந்தே அழுதது.

நேற்றுதான் காக்கிநாடாவில் அவனுக்கு வலத் தோளில் ஆபரேஷன். அப்பா வீர்ராஜு இன்று விடியலில் போய்விட்டார் என்று கேட்டதும், தன் பொறுப்பில் போவதாக ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் கையோடு அமலாபுரம் வந்துவிட்டான். வந்ததிலிருந்து மூச்சு இரைக்கிறது. “பாவம், அழுது அழுது ஆளே பாதியாயிட்டான்” என்றார்கள் பெண்கள்.

அக்கா நாகமணிக்கு மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆபரேஷனுக்காகக் கை மரத்துப்போகக் கழுத்தில் போட்ட ஊசியால் கொஞ்சம் மூச்சு முட்டும், கை சரியாகும்போது அதுவும் சரியாகிவிடும் என்று காக்கிநாடா டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். அதைத்தான் நம்பியிருந்தாள்.

இப்போது பார்த்தால், கயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த வலக்கை விரல்கள்.

“டேய், கை இன்னும் மரத்திருக்கா?”

“இல்லக்கா... காலைலயே விட்டுடுச்சு. உயிர் போற வலி.”

“அப்புறம் மூச்சு ஏன்டா இப்படி?”

அவன் வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தான். உதடு நாவற்பழம் தின்றாற்போல் நீலமாக இருந்தது. ஈரத்துண்டை விலக்கி மார்பைப் பார்த்தாள். இடப்பக்கம் ஏறி இறங்கியது. வலப்பக்கம் சும்மா கிடந்தது. சட்டியைப் பிடுங்கிச் சித்தப்பா கையில் திணித்தாள்.

“பொணத்தை எடுத்தாச்சு, இப்பப் போய் என்னம்மா இது?” சித்தப்பா கத்தினார். “கொள்ளி வச்சுட்டுப் போகட்டுமே!”

“இவனுக்கும் சேர்த்து ஒரு பாடை சொல்லிடட்டுமா சித்தப்பா?”

சந்தில் நின்றது ஒரே வண்டி, அப்பாவைக் கிடத்தியிருந்த பூ வண்டி. அதிலேயே தம்பியை ஏற்றினாள்.

“பொணத்தை ஏம்மா இங்க கொண்டாந்தீங்க?” என்று ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி மறித்தான்.

“அவரு இருக்கட்டும். உயிரோட இருக்கறவனை இறக்குய்யா!”

இளம் டாக்டரம்மா வலப்பக்கம் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டாள். முகம் மாறியது. “நுரையீரல் சுருங்கிடுச்சு. அதுக்கு வெளிய காத்து அடைச்சுக்கிட்டு அமுக்குது. தோள் ஆபரேஷன்ல எப்பவாவது இப்படி ஆகும்.” எக்ஸ்ரே எடுக்கக்கூட நிற்கவில்லை. நெஞ்சில் ஓர் ஊசியைக் குத்தினாள். சைக்கிள் டியூப் வால்வைப் பிடுங்கினாற்போல் புஸ்ஸென்றது. பிறகு விலாவில் குழாய், கீழே தண்ணீர் பாட்டில். அதில் குமிழி குமிழியாக வந்தது. உதட்டில் மெல்ல நிறம் திரும்பியது.

“நாயனா?” என்று அப்பாவைக் கேட்டான் சூரிபாபு.

“வெளிய இருக்காரு. நீ படு.”

வாசலில் சித்தப்பா சட்டியோடு நின்று, தணல் அவிந்துவிடாமல் ஊதிக்கொண்டிருந்தார். அதை அவளிடம் நீட்டினார்.

நாகமணி வாங்கிக்கொண்டு வண்டியில் ஏறினாள். அப்பாவுக்குக் கடைசி வருடங்களில் காது மந்தம். அதனால் குனிந்து, சத்தமாகவே சொன்னாள்.

“தம்பி மூச்சு விடுறான், நாயனா.”