ஐந்நூறாவது பேக்கேஜும் லிப்னிச்கா ஊர்ச் சங்கும்

இன்னும் ஒன்று சேர்ந்தால் ராடோவானுக்கு ஐந்நூறு பேக்கேஜ். பிர்னோ நகர அலுவலகம் முழுக்க இதே தம்பட்டம். யாரோ எழுதிவைத்த மாட்யூலை, அதாவது குட்டி நிரலை, எடுத்து, ஒழுங்காகப் பேக்கேஜாகக் கட்டி, சோதித்து, நிறுவனங்கள் நம்பி ஓட்டும் லினக்ஸ் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்தில் சேர்ப்பதுதான் அவனுக்கும் பொஹுமிலாவுக்கும் வேலை. அவன் கட்டுவான், அவ்வளவுதான். ஒழுங்கும் சோதனையும் அவனுக்கு ஆகாது. மாட்யூல் என்ன செய்கிறது என்று எழுத வேண்டிய இடத்தில், 'இங்கே விளக்கம் எழுதவும்' என்று இருந்த வரியை அப்படியே விட்டு ஏற்றிய மகானுபாவன். ஒரு தடவை இல்லை, முப்பது நாற்பது தடவை.

ஐந்நூறாவதைத்தான் பொஹுமிலாவால் சும்மா விட முடியவில்லை. மாதத்தின் முதல் புதன் எது என்று கணக்கிட்டுச் சொல்லும் சின்ன மாட்யூல் அது. முதல் புதன் நண்பகலில் நாடு முழுக்க ஆபத்துச் சங்கு வேலை செய்கிறதா என்று ஊதிப் பார்ப்பார்கள். அன்றைக்கு ஒருவரும் சூப்பிலிருந்து தலையைத் தூக்குவதில்லை. வேறு நாளில் ஊதினால் நிஜ ஆபத்து. அவளும் ராடோவானும் குடியிருந்த லிப்னிச்காவில் சங்குக்குப் பொறுப்பு அவள் கணவன் விலேம், தீயணைப்புப் படைத் தலைவன். நகராட்சியின் புதுக் கணினிதான் இனி சங்கை ஊதும், களஞ்சியத்தில் உள்ளதை மட்டுமே அதில் ஏற்றலாம் என்று மேயர் சொல்லிவிட்டார். அதற்கு நாள் பார்த்துச் சொல்லப்போவது இந்த மாட்யூல்தான். ஏதாவது தப்பினால் விலேமைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காரவைக்க மேயருக்கு ஒரு மைத்துனன் தயாராக இருந்தான்.

ஒருவர் கட்டியதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பொஹுமிலா திறந்து பார்த்தாள். சோதனையை முடக்கி வைத்திருந்தான். அந்த முடக்கத்தை நீக்கி ஓட்டினால், ஒன்றாம் தேதியே புதனாக வரும் மாதத்தில் மாட்யூல் அந்தப் புதனைத் தாண்டி அடுத்த புதனைக் காட்டியது.

"சோதனையை ஏன்டா அடைச்சு வெச்சிருக்க?"

"ஃபெயில் ஆகுது. அதான்."

"ஃபெயில் ஆனா சரி பண்ணணும். வாயைப் பொத்திட்டா சரியாயிடுமா?"

"அம்மா தாயே, என்னைக்கோ வர்ற ஒரு மாசத்துக்கு இப்பவே ஒப்பாரி வைக்காத. ஒப்புதல் குடு. உன்னோட பேக்கேஜ் ரெண்டு ஒப்புதலுக்குக் கிடக்குதில்ல, நான் கண்ணை மூடிட்டுக் குடுக்கறேன்."

"அது ஒண்ணுதான் உனக்குத் தெரிஞ்ச வேலை. போடா."

அவன் போனான். மாடியில் இருந்த கூட்டாளி, காபி ஆறுவதற்குள், 'நல்லா இருக்கு' என்று எழுதி ஒப்புதல் கொடுத்தான். திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டான், பாவி. சாயங்காலம் மயோனைஸில் 500 என்று எழுதிய ரொட்டித்துண்டுகள் மேசை மேசையாகப் போயின. பொஹுமிலா தொடவில்லை. அவள் பதிவு செய்த புகாரை ராடோவான், 'பிறகு பார்க்கலாம்' என்று மூடினான்.

விலேம் மேயரிடம் போய்ச் சொல்லிப் பார்த்தான்.

"பெரிய கம்பெனிக்காரங்க ஒப்புதல் குடுத்த சாமான். உங்க வீட்டுக்காரிக்கு அதைவிடத் தெரியுமோ? இனிமே அதுல யாரும் கை வைக்கக் கூடாது, நீங்களும்தான்" என்றார் மேயர்.

அக்டோபர் ஒன்றாம் தேதியே புதனாக வந்தது. பக்கத்து ஊர்ச் சங்குகளெல்லாம் ஊதி ஓய்ந்தன. லிப்னிச்கா வாயே திறக்கவில்லை. மேயருக்கு உள்ளூரக் கொண்டாட்டம். விலேமை நீக்க அடுத்த புதன் பதினொன்றரைக்கு நகராட்சிக் கட்டடத்தில் கூட்டம் போட்டார். மைத்துனன் இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் இருந்தான். விலேம் முகம் வெளிறிப்போய் நின்றான். பன்னிரண்டு வருஷம் பார்த்த பொறுப்பு. பக்கத்தில் நின்ற பொஹுமிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலைவரா இருக்கத் தகுதி இல்லைன்னு..." என்று மேயர் தீர்மானத்தை வாசிக்கத் தொடங்கியபோது மணி பன்னிரண்டு அடித்தது. தலைக்கு மேலே சங்கு அலறியது.

மைத்துனன்தான் முதலில் மேசைக்கு அடியில் போனான். மேயர் இரண்டாவது. தெருவில் கதவுகள் படார் படாரென்று திறந்தன. நகராட்சிக் கட்டடத்தின் நிலவறைதான் ஊருக்குப் புகலிடம். வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த ராடோவான் வெறுங்காலோடு, அரைக்கால் சட்டையோடு, மடிக்கணினியை நெஞ்சில் கட்டிக்கொண்டு கூட்ட அறைக்குள் வந்து விழுந்தான்.

"என்ன ஆச்சு? வெள்ளமா? குண்டா?"

"ஒண்ணும் இல்லடா," என்றாள் பொஹுமிலா. "உன் ஐந்நூறாவது வந்திருக்கு."

சங்கு ஓய்ந்தது. மேயர் மேசைக்கு அடியிலிருந்து எழுந்து கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"யாரும் கை வைக்கக் கூடாதுன்னீங்க. வைக்கல," என்றான் விலேம்.

மேயர் ராடோவானை மேலும் கீழும் பார்த்தார். "இந்த ஆள் கட்டினதா இது?" பிறகு விலேம் பக்கம் திரும்பி, "விலேம், நீங்க உட்காருங்க. கூட்டம் முடிஞ்சுது," என்றார். மைத்துனன் முழங்காலைத் தட்டிக்கொண்டு வெளியே போனான்.

பொஹுமிலா கையை நீட்டினாள். "அந்த பேக்கேஜை என் பேருக்கு மாத்து. இங்கயே, இப்பவே. நான் சரி பண்ணிக்கறேன்."

ராடோவான் மடிக்கணினியைத் திறந்தான். ஊரே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"குடுத்துட்டா," என்றான் பரிதாபமாக, "எனக்கு நானூத்தித் தொண்ணூத்தொன்பது ஆயிடுமே?"