உமையாள் ஹாலுக்கு வரவேண்டும்

வைரவன் வீட்டில் படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு வருவதென்றால் கணினி வழியாகத்தான் வரவேண்டும். அறைக் கணினியில் ஏறி ஹால் கணினியில் இறங்க வேண்டும். நடுவில் ஒரு கதவும் உண்டு. அது பார்ப்பதற்கு மட்டும்.

அன்று காலை வைரவன் நல்லபடியாக இறங்கிவிட்டான். பின்னால் கிளம்பிய அவன் மனைவி உமையாள் பாதியில் நின்றுவிட்டாள். திரையில் பச்சைக் கோடு நகரவே இல்லை.

மாதாந்திர மின்தடை நாள் வேறு. கரண்ட் போனால் யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கும். அதற்குள் உமையாள் வந்து சேராவிட்டால் பிறகு வரவே மாட்டாள். வைரவன் மெக்கானிக்குக்கு போன் போட்டான்.

மெக்கானிக் கோட்டைச்சாமி வந்தார். கேபிளைப் பிடுங்கிச் செருகினார். ரவுட்டரை அணைத்துப் போட்டார். ஃபயர்வாலைத் தளர்த்தினார். ஹால் கணினியைக்கொண்டு அறைக் கணினியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பதில் இல்லை.

“இதுக்கு அது தெரியுது தம்பி. அதுக்குத்தான் இது தெரியலை.”

“ஒரே வீட்டுக்குள்ளதானண்ணே இருக்கு?”

“அதனாலதான். அந்த மிஷினு யாரு வாங்குனது?”

“பொண்ணு வீட்டுச் சீரு.”

“ஷேரிங்குக்கு எப்படிக் கூப்பிட்டீக?”

“மெசேஜ் போட்டேன்.”

கோட்டைச்சாமி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டார். “பொண்ணு வீட்டாளுகளை மெசேஜ்லயா கூப்பிடுவீக? தட்டு வச்சு நேர்ல கூப்பிட வேணாமா?”

கரண்ட் போனது. யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

வைரவன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் குங்குமமும் வைத்துக்கொண்டு கதவை நோக்கி ஓடினான். ஓட ஓட நடை நீண்டது. அடுக்களையைத் தாண்டினான். இன்னொரு முறை அதே அடுக்களையைத் தாண்டினான். அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. நிறுத்த நேரமில்லை.

“அவசியம் வந்து கலந்துக்கணும்” என்றான், மூடிய கதவைப் பார்த்து.

“இப்பத்தான் ஞாபகம் வந்துச்சாக்கும்?” என்றது உள்ளிருந்து அறைக் கணினி. இருந்தாலும் தட்டு லேசானது. வெற்றிலையைக் காணோம்.

திரும்பி வருவதற்குள் பச்சைக் கோடு ஓட ஆரம்பித்திருந்தது. முடியப்போகிற இடத்தில் நின்று ஒரு கேள்வி கேட்டது: ‘உமையாள் என்ற பெயரில் இங்கே ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். அவரை நீக்கிவிட்டு இவரை வைக்கவா?’

வைரவன் திரும்பிப் பார்த்தான். சோபாவில் உமையாள் உட்கார்ந்திருந்தாள். கல்யாணமான புதிதில் இருந்த உமையாள். தாலிக் கயிற்றில் மஞ்சள்கூட வெளுக்கவில்லை.

“பழைய காப்பி, முன்னால எப்பவோ வந்தப்ப தங்கியிருக்கும்” என்றார் கோட்டைச்சாமி. “சரின்னு அமுக்குங்க, போயிரும்.”

அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். வழியில் நிற்கும் உமையாள் சிரித்து வெகுநாளாகிறது. பிறந்த பிள்ளை தங்காமல் போனதிலிருந்து அவள் பேசுவதே குறைவு. இவளுக்கு அதெல்லாம் ஒன்றும் தெரியாது.

“உள்ள யாருங்க?” என்றாள், திரையைக் காட்டி.

“நீதான்.”

“அழுறேனா?”

அவன் திரைப் பக்கம் திரும்பினான். மவுஸின்மேல் விரல் இருந்தது. அழுத்தினால் முடிந்தது வேலை. அழுத்தத்தான் போனான். அந்தச் சிரிப்பை இன்னும் ஒரே ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று பாழாய்ப்போன ஆசை வந்தது. பார்த்தான்.

யுபிஎஸ் கத்துவதை நிறுத்தியது. திரை கறுத்தது.

கோட்டைச்சாமி கேபிளைச் சுருட்டிக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் வெளியே போனார். வைரவன் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். சோபாவிலிருந்தவள் பதறி எழுந்து வந்து, முந்தானையால் அவன் கண்ணைத் துடைத்தாள்.

“என்னங்க இது, சின்னப் பிள்ளையாட்டம்? நான் இங்கதான இருக்கேன்.”