கைக்கு எட்டாத புள்ளிகள்

துடைக்காமல் விட்டது நானாக இருக்க முடியாது. குளியலறைக் கண்ணாடிக் கதவின் முன் நின்று ஹெர்மினியா இதை மனதுக்குள் மறுபடியும் சொல்லிப் பார்த்தாள். சொல்லும்போது உறுதியாகத்தான் இருந்தது. சொல்லி முடித்ததும் எங்கோ நழுவியது. காலையில் குளித்தவுடன் ரப்பர் வைப்பரால் மேலிருந்து கீழாக இழுத்தாள். பழைய துண்டால் ஓரங்களை ஒற்றினாள். பல் துலக்குவதைப் போல, கை தானாகச் செய்கிற வேலை. ஆனால் கை தானாகச் செய்ததற்கு மனம் எப்படிச் சாட்சி சொல்லும்?

கதவின் மேல்பகுதியில், அவள் கை எட்டும் இடத்துக்கு ஒரு சாண் மேலே, வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. நேற்று இல்லாத இடத்தில் இன்று. கணவன் எவரிஸ்தோ இறந்துபோன பிறகு அவள் ஷவரைத் தன் தோளுக்குச் சரியாக இறக்கி வைத்திருந்தாள். அதிலிருந்து தண்ணீர் அவ்வளவு உயரத்துக்குத் தெறிக்காது.

சான் அன்டோனியோ நகரின் அந்தப் பகுதியில் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையிலிருந்துதான் ஏறி வருகிறது. அதில் சோப்பு நுரைக்காது. பீன்ஸ் பாதி நாள் கொதித்தாலும் கல்லாகவே கிடக்கும். அதற்கென்று தெருமுனை இயந்திரத்தில் காசு போட்டு நல்ல தண்ணீரைக் குடத்தில் பிடித்து வர வேண்டும். கொடியில் காய்ந்த துண்டை மூலையில் சாத்தி வைத்தால் அப்படியே நிற்கும். ஒரு சொட்டு காய்ந்தால் ஒரு வெள்ளை வட்டம். அதனால் அவள் வீட்டில் ஒரே சட்டம்: குழாயை மூடுகிறவர் துடைக்க வேண்டும். அந்தச் சட்டத்தை ஒருநாள்கூட மதிக்காதவன் எவரிஸ்தோ. நகரப் பேருந்து ஓட்டுநர். மாலை ஷிப்டுக்கு முன், மூன்று மணி வாக்கில், பாடிக்கொண்டே குளிப்பான். கதவு முழுக்கச் சொட்டச் சொட்ட விட்டுவிட்டுப் போவான். ஸ்டூலில் ஏறி வினிகர் போட்டுத் தேய்ப்பது அவள்.

"நான் செத்தா குழி எல்லாம் தோண்டாதே," என்பான். "நம்ம வீட்டுத் தொட்டியில ஒரு மாசம் ஊறப் போடு. தானே சிலையாயிடுவேன். வாசல்ல நிறுத்திக்கோ."

"நிறுத்துனா உன்னையும் நான்தானே துடைக்கணும்?"

கடைசி நாளன்றும் அதே சண்டைதான். "ஒரே ஒரு நாள் துடைச்சா உன் கை தேஞ்சா போயிடும்?" என்று சமையலறையிலிருந்து கத்தினாள். அவன் வேலைக்குப் போனான். பேருந்து நிலையத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன்தான், எழவில்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பிய ஹெர்மினியா குளியலறை விளக்கைப் போட்டாள். கதவு பளிச்சென்று இருந்தது. ஓரத்தில்கூட ஈரமில்லை. விளக்குக்கு நேராகத் தலையைச் சாய்த்து, ஒரு சொட்டாவது கிடைக்குமா என்று மேலும் கீழும் தேடினாள். அவளுக்கு அழுகை வரவில்லை. யாரோ வீட்டைக் காலி செய்துகொண்டு போன மாதிரி இருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

புள்ளிகள் இலையுதிர் காலத்தில் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. அவளே ஏறித் துடைத்தாள். பிறகு அந்த மேல்பகுதியை மட்டும் துடைப்பதை நிறுத்திவிட்டாள்.

மகள் மரிசேலா ஹூஸ்டனிலிருந்து அட்டைப் பெட்டிகளோடு வந்திருந்தாள். வீட்டை வாங்க நினைக்கும் தம்பதி மறுநாள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் மாத முடிவில் அம்மாவை அழைத்துக்கொண்டு போவதாகத் திட்டம். ஹெர்மினியா சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. இருவரும் சமையலறையில் பாத்திரங்களைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தக் காபிப் பாத்திரத்தைப் பாரும்மா, உள்ள முட்டை ஓடு மாதிரி. இதையும் கொண்டுவரப் போறியா?"

"அதுல போட்டாத்தான் காபி காபியா இருக்கு."

"காபி இல்ல, அது கஷாயம்."

ஹெர்மினியா சிரித்தாள். அப்போது நடையிலிருந்த வெந்நீர் ஹீட்டர் உள்ளுக்குள் இடித்தது. அடியில் படிந்த சுண்ணாம்புக்குக் கீழே தண்ணீர் கொதித்து முட்டும் சத்தம். வெந்நீர்க் குழாயைத் திறந்தால் சற்று நேரத்தில் தொடங்கும். டொக். டொக் டொக்.

"யாரும்மா குளிக்கிறாங்க?" என்றாள் மரிசேலா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே.

கேட்ட பிறகுதான் அவள் கை நின்றது. வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே. மூன்று மணியைத் தொட்டிருந்த சுவர்க் கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

"தண்ணி ஆறிப்போனா அதுவா பத்திக்கும்," என்றாள் மகள், கொஞ்சம் வேகமாக. "எல்லா ஹீட்டரும் அப்படித்தான்."

"நான் ஒண்ணும் சொல்லலையே."

மரிசேலா எழுந்து போனாள். ஹெர்மினியா பின்னால் போனாள். குளியலறையில் யாருமில்லை. ஆனால் கண்ணாடிக் கதவின் உள்பக்கம் ஸ்டூல் இருந்தது. அது இருக்க வேண்டிய இடம் சமையலறை. எப்போது கொண்டுவந்தேன் என்று ஹெர்மினியா யோசித்தாள். அந்த யோசனை போய் நின்ற இடத்தில் சுவர் மாதிரி ஒரு வெறுமை இருந்தது. அவள் பயந்தது அப்போதுதான். ஒருவேளை நான்தானோ? மத்தியானங்களில் ஏறி நின்று, கைநிறையத் தண்ணீர் வாரி, அவன் உயரத்துக்குத் தெளித்துவிட்டு, இறங்கி, மறந்துவிடுகிறேனோ?

மகளும் ஸ்டூலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடியை. எட்டிக் கைவைத்தவள் விரலைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"ஈரமா இருக்கு."

"ம்."

"அம்மா, நீ இதுல ஏறுறியா? உண்மையைச் சொல்லு, நான் திட்ட மாட்டேன்."

"தெரியலைடி."

மரிசேலாவின் முகம் குழந்தை முகமாகிவிட்டது. வைப்பரை எடுத்து அம்மாவின் கையில் வைத்தாள். "நீயே துடைச்சிடு. நான் துடைச்சா, மறுபடி வந்துச்சுன்னு போன்ல சொல்லுவே. நாளைக்கு வர்றவங்க பார்க்குறதுக்குள்ள உன் கையால துடைச்சிடும்மா. நான் பிடிச்சுக்கறேன், ஏறு."

ஹெர்மினியா ஏறினாள். மகளின் கைகள் இடுப்பைப் பற்றின. புள்ளிகள் இப்போது கண்ணுக்கு நேராக இருந்தன. காய்ந்த வெள்ளை வட்டங்கள், அவற்றின் மேல் புதிய சொட்டுகள். இந்த உயரத்திலிருந்து அவள் வெளியே பார்த்ததே இல்லை. தேய்க்கும்போது கறையைத்தான் பார்த்திருக்கிறாள். சொட்டுகளுக்கு நடுவே திறந்த குளியலறைக் கதவு, நடை, அதன் கோடியில் சமையலறை, அடுப்பின் முன்னால் அவள் எப்போதும் நிற்கும் இடம். பாடிக்கொண்டே எவரிஸ்தோ இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தானா?

"துடைம்மா."

அவள் வைப்பரை அதன் கொக்கியில் மாட்டினாள். மகளின் தோளைப் பிடித்து மெதுவாக இறங்கினாள்.

"காயட்டும்," என்றாள்.

கண்ணாடியில் ஒரு சொட்டு கொஞ்சதூரம் வழிந்து, நின்றது. அதன் ஓரம் வெளுக்கத் தொடங்கியது.